டர்பைன் இல்லாத டர்பைன் ஹால்: டேட் மாடர்னில் பார்க்க வேண்டியது கலையா, கட்டடமா?

கேள்வி, 4 நவம்பர் 2024

ஜனவரியில் அலுவலக வேலையாக லண்டன் செல்கிறேன். எனக்கென்று கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டுமே. டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். ஏற்கெனவே போய்வந்த நண்பர் ஒருவர், "அங்கே கலை என்பது ஒரு சாக்கு. பழைய மின் நிலையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேல்தளத்தில் நின்று எதிர்க்கரைத் தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடு, போதும்" என்கிறார். ஆலைகளையும் கிடங்குகளையும் அருங்காட்சியகமாக மாற்றினால் கட்டடம் கலையை விழுங்கிவிடும் என்பது அவருடைய கட்சி. இது உண்மையா?

4 நவம்பர் 2024, இரவு

பாதி உண்மை. மறு பாதியை உங்கள் நண்பர் நின்று பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள் நாற்பது ஐம்பது முறையாவது நுழைந்திருப்பேன். அவற்றில் ஒரு பங்கு மழைக்கு ஒதுங்கியவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் கட்டடத்தைப் பற்றி. தேம்ஸ் நதியின் தென்கரையில் 1947 முதல் 1963 வரை இரண்டு கட்டங்களாக எழுந்த பேங்க்சைடு மின் நிலையம் அது. வடிவமைத்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் கைவண்ணமே. நேர் எதிர்க்கரையில் புனித பால் தேவாலயம் நிற்கிறது. அதன் குவிமாடத்தின் உயரம் 111 மீட்டர். அதைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகவே நிலையத்தின் புகைபோக்கியை 99 மீட்டரில் நிறுத்தினார்கள். நிலக்கரி விலை ஏறியதால் 1981இல் நிலையம் மூடப்பட்டு, பத்து ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 1994இல் டேட் நிறுவனம் அதைத் தன் நவீன, சமகாலக் கலைச் சேகரிப்புக்கான இடமாகத் தேர்ந்தெடுத்தது. மறுவடிவமைப்பு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த ஹெர்சோக், டி மியூரோன் இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. 13.4 கோடி பவுண்டு செலவில் 2000 மே மாதம் அரசி திறந்துவைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். முதல் ஆண்டிலேயே 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அந்த இருவரும் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் நீக்கியவை. டர்பைன்கள் நின்ற கூடத்திலிருந்து இயந்திரங்களோடு தரைத்தளத்தையும் எடுத்துவிட்டார்கள். அதனால் கூடம் அடித்தளம் வரை திறந்துகொண்டது. மேற்கு வாசலில் நுழைபவர் அகன்ற சரிவுப் பாதை ஒன்றில் கீழ்நோக்கி இறங்கிச் செல்கிறார். ஏறக்குறைய 150 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் கொண்ட அந்த வெற்றிடத்துக்கு இன்றும் 'டர்பைன் ஹால்' என்றே பெயர். டர்பைன் மட்டும் கிடையாது.

5 நவம்பர் 2024

திருத்தம். நேற்று 'நிலக்கரி' என்று எழுதியது தவறு. அந்த இடத்தில் முன்பிருந்த பழைய நிலையம்தான் நிலக்கரியில் ஓடியது. ஸ்காட் கட்டிய நிலையம் எரித்தது எண்ணெய். 1970களில் எண்ணெய் விலை ஏறியதுதான் அதன் கதையை முடித்தது. என் அப்பா எண்ணூர் அனல் மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவர். மின் நிலையம் என்றவுடன் என் கை தானாகவே நிலக்கரி என்று எழுதிவிடுகிறது.

இது பெரிய பிழையா என்று கேட்கலாம். பெரிய பிழைதான். எண்ணெய் நிலையமாக இருந்ததால்தான் அதன் தெற்கே நிலத்துக்கு அடியில் மூன்று பிரம்மாண்டமான வட்டத் தொட்டிகள் இருந்தன. 2012இல் அவற்றைத் திறந்து, நிகழ்த்துகலைக்கும் திரைப்பட, காணொளிக் காட்சிகளுக்கும் உரிய இடமாக்கினார்கள். காங்கிரீட் சுவர், சாய்ந்த தூண்கள், சன்னல் என்று ஒன்றுகூட இல்லை. நிலக்கரி நிலையமாக இருந்திருந்தால் அந்த அறைகளே இருந்திருக்காது.

8 நவம்பர் 2024

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள நேரடியான பதிலும் இதுவே.

2004 ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக லண்டனுக்கு வந்தார்கள். தேவாலயத்தைக் காட்டிவிட்டு, புதிய நடைபாலத்தின் வழியாகத் தென்கரைக்கு அழைத்துச் சென்றேன். 2000 ஜூனில் திறந்தபோது ஆட்டம் கண்டு, இரண்டே நாளில் மூடப்பட்டுச் சீர்செய்யப்பட்ட பாலம் அதுதான் என்று நான் சொன்னதும், அம்மா கைப்பிடியை விடாமலேயே கடந்தார். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரின் 'வானிலைத் திட்டம்' அப்போது டர்பைன் ஹாலில் இருந்தது. கூடத்தின் கோடியில் ஓர் அரைவட்டத் திரை; அதன் பின்னால் ஏராளமான விளக்குகள்; கூரை முழுவதும் கண்ணாடி. அரைவட்டமும் அதன் பிரதிபலிப்பும் சேர்ந்து ஒரு முழுச் சூரியனாகத் தெரியும். மெல்லிய புகைமூட்டமும் உண்டு. அந்த ஒளியில் மஞ்சளும் கருப்பும் தவிர வேறு நிறமே கண்ணுக்குத் தெரியாது. அம்மா கட்டியிருந்த அரக்குப் புடவை சாம்பல் நிறமாகிவிட்டது. வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, கூரைக் கண்ணாடியில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா படுக்கவில்லை. முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பழைய ஓவர்ஹெட் கிரேன்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, "எத்தனை டன்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தச் சூரியனைப் பார்த்தார். "இது சோடியம் லைட்டுப்பா. தெருவிளக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். தெருவிளக்குகளில் பயன்படும் ஒற்றை அலைவரிசை விளக்குகளைத்தான் கலைஞர் பயன்படுத்தியிருந்தார் என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். வித்தையைக் கண்டுபிடித்துவிட்டதால் இனிக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ பக்கத்தில் இருந்த சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் அசையாமல் நின்றார். வெளியே வந்த பிறகு ஒன்று மட்டும் சொன்னார்: "பாய்லர் ஓட்டை வழியா எட்டிப் பாத்தா இப்படித்தான் இருக்கும். உள்ள போய் நிக்க முடியாது. அவ்வளவுதான்."

கட்டடம் கலையை விழுங்கிற்றா, கலை கட்டடத்தை விழுங்கிற்றா என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். மின் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவருக்கு, மின் நிலையத்தின் நடுவில் நின்று, தம் வாழ்நாளில் நுழைய முடியாதிருந்த நெருப்புக்குள் நுழைந்துவிட்டதாகத் தோன்றிற்று. அதே வட்டத்தை வெள்ளைச் சுவர் கொண்ட புத்தம்புதிய கூடத்தில் வைத்திருந்தால் அவர் விளக்கின் வகையைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்.

9 நவம்பர் 2024

"அப்பா கதை நன்று, ஆனால் ஓர் உதாரணம் நிரூபணம் ஆகாது" என்று தனிச்செய்தி ஒன்று வந்திருக்கிறது. நியாயமே. அந்தக் கூடத்தில் நான் பார்த்த மற்றவற்றையும் சொல்லி, தோற்றவை எவை, வென்றவை எவை என்று பிரித்துப் பார்க்கிறேன்.

2002இல் அனிஷ் கபூர் வைத்த 'மார்சயஸ்': மூன்று எஃகு வளையங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய அடர்சிவப்புச் சவ்வு. கட்டுமானத்தைக் கணக்கிட்டவர் இலங்கையில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்ட். கூடத்தின் நீளம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றதால் எங்கே நின்றாலும் அதை முழுமையாகப் பார்க்க இயலாது. வென்றது. 2004இல் புரூஸ் நாவ்மன் கூடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, ஒலிபெருக்கிகளில் குரல்களை மட்டும் ஒலிக்கவிட்டார். நடந்து செல்லச் செல்ல ஒரு குரல் தேய்ந்து மற்றொன்று எழும். எனக்கு அப்போது அது ஏமாற்றமாக இருந்தது. இன்று நினைத்துப் பார்த்தால் அதுதான் அதிகம் நினைவில் தங்கியிருக்கிறது. 2006இல் கார்ஸ்டன் ஹோலர் வைத்த ஐந்து சறுக்குக் குழாய்கள்: என் அக்கா மகன் மூன்று முறை சறுக்கினான், நான் ஒரு முறை. கலை என்ற வகையில் அதைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை, முழங்கை வலித்தது.

2010இல் ஐ வெய்வெய் கொட்டிவைத்த சூரியகாந்தி விதைகள், பத்துக் கோடிப் பீங்கான் விதைகள். சீனத்தின் ஜிங்டெசென் நகரில் 1,600க்கும் மேற்பட்டோர் கையால் வண்ணம் தீட்டியவை. அவற்றின்மேல் நடக்கலாம் என்றுதான் திறந்தார்கள். பீங்கான் தூசு நுரையீரலுக்குக் கேடு என்று சில நாட்களிலேயே தடுத்துவிட்டார்கள். நான் போனபோது கயிற்றுக்கு இப்பால் நின்று பார்ப்பதுதான் வாய்த்தது. காலடியில் நெரிபட வேண்டிய ஒன்று கண்ணுக்கு மட்டும் என்றானபோது, தூரத்தில் அது வெறும் சாம்பல் நிறக் கம்பளம்போல் இருந்தது. அந்த முறை கட்டடம் வென்றது என்பேன்.

2007இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. கூடத்தின் காங்கிரீட் தரையையே பிளந்தார். ஒரு முனையில் மயிரிழையாகத் தொடங்கும் விரிசல், போகப் போக அகன்று, கை நுழையும் அளவாகி மறுமுனை வரை செல்லும். நீளம் 167 மீட்டர். (கூடத்தைவிட விரிசல் நீளம் அதிகமா என்று கேட்பவர்களுக்கு: அது நேர்கோட்டில் போகவில்லை.) தலைப்பு 'ஷிபோலெத்'. பைபிளின் பழைய ஏற்பாட்டில், ஆற்றைக் கடக்க வந்தவர்களை அந்த ஒரு சொல்லை உச்சரிக்கச் சொல்லி, உச்சரிப்புப் பிசகியவர்களை வெட்டிக் கொன்றதாக ஒரு கதை வருகிறது, அந்தச் சொல். உடன் வந்த நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். சுவரில் இருந்த விளக்கத்தை நான் மெல்லப் படித்துக்காட்டியதும் அவர் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: "பால்தியா." வாளிக்குச் சிங்களச் சொல். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தேடிய கலவரக்காரர்கள் வாளியைக் காட்டி, இது என்னவென்று சொல் என்று கேட்டார்கள். முதல் எழுத்து 'வ' என்று வந்துவிட்டால் தமிழன் என்று அடையாளம். அவர் விரிசலின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பிளவைப் பின்னர் சிமென்ட் இட்டு நிரப்பிவிட்டார்கள்; ஆனால் தழும்பு இன்றும் தரையில் தெரிகிறது. கட்டடமும் கலையும் பிரித்துச் சொல்ல முடியாமல் கலந்துவிட்ட இடம் அது. உங்கள் நண்பர் அதன்மேல்தான் நடந்து போயிருப்பார்.

17 நவம்பர் 2024

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். டர்பைன் ஹாலைப் பற்றி மட்டுமே பேசி, நானும் உங்கள் நண்பரின் கட்சிக்கே வலுச் சேர்த்திருக்கிறேன். பாய்லர்கள் இருந்த வடபகுதியின் மேல்தளங்களில் அடுக்கடுக்காக அறைகள் உள்ளன. அங்கே போனால் மின் நிலையத்தின் நினைவே வராது. சாதாரண வெள்ளைச் சுவர், மரத்தரை. சிறிய ஓவியம் தன் அளவுக்கு ஏற்ற இடத்தில் மரியாதையாக நிற்கிறது.

ஆகவே 'விழுங்கிவிடும்' என்ற பொதுவிதி செல்லாது. விழுங்கக்கூடியது ஒரே ஒரு கூடம். அதை விழுங்கும்படியே விட்டுவைத்து, மற்ற இடங்களில் கட்டடத்தின் வாயை மூடிவிட்டார்கள். இது என் இரண்டாவது கருத்து. முதல் கருத்தை அடித்துவிடவில்லை, பக்கத்திலேயே இருக்கட்டும்.

மேலே பார்க்க வேண்டியவை என்று இரண்டைச் சொல்கிறேன். எப்போதும் வைத்திருப்பார்கள் என்று உறுதி கூற முடியாது. சேகரிப்பை மாற்றி மாற்றி வைப்பது அவர்கள் வழக்கம்.

ஒன்று, மார்க் ராத்கோவின் அடர்சிவப்பு ஓவியங்கள். நியூயார்க்கில் ஓர் உயர்தர உணவகத்துக்காக வரையத் தொடங்கி, மனம் மாறித் தர மறுத்தவை. பின்னாளில் டேட்டுக்குக் கொடையாக அளித்தார். 1970 பிப்ரவரி 25 அன்று ஓவியங்கள் லண்டன் வந்து சேர்ந்தன, அதே நாளில் அவர் நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டார். வெளிச்சம் குறைத்த அறை. கண் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை நின்றவர்களைவிட நிற்காமல் போனவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று ஷீலா கவுடாவின் 'பெஹோல்ட்'. பெங்களூரில் வாழும் கலைஞர். தலைமுடியில் திரித்த கயிறு, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளம். அந்தக் கயிற்றில் சுவரோடு தொங்கும் இருபது கார் பம்பர்கள். கோயிலில் காணிக்கையாக இறக்கிய முடி; நீளமான முடி சவுரிக்குப் போய்விட, மிஞ்சிய குட்டை முடியைக் கயிறாகத் திரித்து, திருஷ்டி கழிய வண்டியின் பம்பரில் கட்டுவார்கள். நான் பார்த்த அன்று பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் அது கம்பளி நூல் என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். முடி என்று விளக்கப் பலகையில் படித்ததும் இரண்டடி பின்வாங்கினார். நானோ அதைக் கண்டதும் யாருடைய மொட்டையோ என்று நினைத்தேன். அவருக்குத் திகைப்பு, எனக்கு வீட்டு நினைவு. கட்டடத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

18 நவம்பர் 2024

ஒன்று விட்டுப்போயிற்று. 42 லட்சம் செங்கற்களால் கட்டிய இந்தக் கட்டடத்தின் சேகரிப்பில் மேலும் 120 செங்கற்கள் உண்டு. கார்ல் ஆந்த்ரே 1966இல் செய்த 'ஈக்விவலன்ட் 8'. இரண்டடுக்காகத் தரையில் அடுக்கிய தீச்செங்கல். டேட் இதை வாங்கியது 1972இல். நான்கு ஆண்டு கழித்துச் செய்தித்தாள்கள் அதைக் கண்டுபிடித்து, மக்கள் பணத்தில் செங்கல்லா என்று பெரிய கூச்சல் எழுந்தது. அப்பாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஃபயர் பிரிக்கா? பாய்லருக்குள்ள வைக்கிறதாச்சே, விலை ஜாஸ்திதான்" என்றார்.

2 டிசம்பர் 2024

கட்டடம் கலையை விழுங்குகிறதா என்று கேட்டோம். சுற்றியுள்ள ஊரை அருங்காட்சியகம் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

2016 ஜூனில் தெற்குப் பக்கம், எண்ணெய்த் தொட்டிகளின் மேல், பத்துத் தளங்களில் புதிய கட்டடம் எழுந்தது. செலவு 26 கோடி பவுண்டு. ஸ்காட்டின் சுவரோடு பேசவேண்டும் என்று அதற்கும் செங்கல்தான், ஆனால் மேலே போகப் போக முறுக்கிக்கொண்டு குறுகும் வடிவம். பத்தாம் தளத்தில் நான்கு புறமும் சுற்றிவரும் பார்வை மாடம் வைத்தார்கள். முப்பது மீட்டர் சொச்சம் தள்ளி, தரை முதல் கூரை வரை கண்ணாடிச் சுவர் கொண்ட அடுக்குமாடி வீடுகள். மாடத்தில் நிற்பவர்களுக்கு எதிர்வீட்டுச் சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் தெரியும். வீட்டுக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் தோற்றார்கள், திரைச்சீலை போட்டுக்கொள்ளலாமே என்ற பாங்கில் நீதிபதி சொல்லியிருந்தார். மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வீட்டுக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. கண்ணாடி வீட்டை விலை கொடுத்து வாங்கிவிட்டு, பார்க்கிறார்களே என்று புலம்புவது என்ன நியாயம்? எங்கள் ஊரில் சன்னல் வைக்கும் முன்பே எதிர்வீட்டுச் சன்னல் எங்கே என்று பார்த்துத்தான் கொத்தனார் செங்கல் எடுப்பார்.

3 டிசம்பர் 2024

நேற்றைய சிரிப்பைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் ஏறிவந்து ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், எதிர்வீட்டுக்காரர் தற்செயலாகப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். அதை மறுக்க என்னால் முடியவில்லை.

ஆனால் முழுதாகத் திரும்பப் பெறவும் மனமில்லை. ஆலையும் கிடங்குமாக இருந்த அந்தக் கரைக்கு அப்படிப்பட்ட கண்ணாடி வீடுகள் வந்ததில் அருங்காட்சியகம் இழுத்துவந்த கூட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. அதே ஸ்காட் வெளித்தோற்றம் வடித்த பாட்டர்சி மின் நிலையம் ஆற்றின் மேற்பக்கம் இருக்கிறது. 1983இல் மூடப்பட்டு, 2022இல் கடைகளும் அலுவலகங்களும் விலையுயர்ந்த வீடுகளுமாகத் திறந்தது. அங்கே டர்பைன் ஹாலில் இப்போது துணிக்கடைகள். போய்ப் பார்த்தேன், பளபளப்பாக இருக்கிறது. எதையும் வாங்காமல் அங்கே இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பேங்க்சைடில் அந்தக் கூச்சம் ஒருநாளும் வந்ததில்லை. நிரந்தரச் சேகரிப்புக்கும் டர்பைன் ஹாலுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சரிவில் குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள். கலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று யாரும் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. முதன்முறை நுழைந்தபோது எனக்கும் ஒன்றும் தெரியாது.

5 ஜனவரி 2025

நீங்கள் வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நேற்றுப் போய்வந்தேன். டர்பைன் ஹாலில் இப்போது கொரியக் கலைஞர் மிரே லீயின் 'ஓப்பன் வூண்ட்' இருக்கிறது. மார்ச் நடுவில் முடிகிறது. தலைப்பில் 'டர்பைன் மட்டும் கிடையாது' என்ற பொருள்பட எழுதியிருந்தேன் அல்லவா? டர்பைன் திரும்ப வந்துவிட்டது. ஏழு மீட்டர் நீளமுள்ள ஒரு டர்பைனைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். அது மிக மெதுவாகச் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள குழாய்களிலிருந்து கொழகொழவென்று ஒரு திரவம் கீழே தட்டில் வடிகிறது. சுற்றிலும் சங்கிலிகளில், உரித்த தோல்போல, அழுக்கேறிய துணிகள். சாயப்பட்டறைக் கொடியும் கசாப்புக் கடையும் ஒருசேர நினைவுக்கு வந்தன. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு முறை சுற்றிவந்தேன்.

சென்னைக்கு வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அவர் அதற்கு வெகுகாலம் முன்பே ஓய்வு பெற்றவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்ன இப்படிச் சுத்துது? மூவாயிரம் ஆர்.பி.எம். சுத்தணும்" என்றார். இது மின்சாரம் எடுப்பதற்கு இல்லை என்றேன். "அது தெரியுது. ஆயில் லீக் ஆகுதே, யாரும் பாக்கலையா?" என்றார். கிரேன் எத்தனை டன் என்று இந்த முறையும் கேட்டார். இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை.

6 ஜனவரி 2025

ஞாயிறு காலைக்கு: நடைபாலத்தின் வழியாக வந்தால் நேரே இருப்பது ஆற்றுப்பக்க வாசல். அதில் நுழையாதீர்கள், அது கூடத்தின் குறுக்கே உள்ள மேடையில் கொண்டுபோய் விடும், இடம் பிடிபடாது. கட்டடத்தை வலமாகச் சுற்றி மேற்கு வாசலுக்குப் போய்ச் சரிவில் இறங்குங்கள். பார்வையைத் தரையில் வையுங்கள். தழும்பு அங்கேதான் இருக்கிறது.